கொட்டை ஓடு – நிலக்கரி எரிகட்டி

எரிகட்டி என்பது தூளாகவோ உதிரியாகவோ கிடைக்கும் எரியக்கூடிய பொருளை அழுத்திக் கட்டியாக்கிப் பெறப்படும் திண்ம எரிபொருள் ஆகும். நிலக்கடலைத் தோல், முந்திரி ஓடு, கொட்டாங்கச்சி போன்ற கொட்டைக் கழிவுகளை நிலக்கரித் தூளுடன் சேர்த்து அழுத்திச் செய்யப்படுவது கொட்டை ஓடு – நிலக்கரி எரிகட்டி எனப்படுகின்றது. இதனை உயிர்த்திரள் – நிலக்கரிக் கலப்பு எரிகட்டி என்றும் கூறுவர். செங்கல் சூளைகள், நீராவிக் கொதிகலன்கள், உணவு விடுதி அடுப்புகள் முதலியவற்றில் விறகுக்கும் நிலக்கரிக்கும் மாற்றாக எரிகட்டிகள் பயன்படுகின்றன.

எரிகட்டியின் தரம் அழுத்தும் எந்திரத்தினால் மட்டும் அமைவதில்லை. மூலப்பொருளிலுள்ள ஈரம், எண்ணெய், கந்தகம் ஆகிய மூன்றும் அழுத்துவதற்கு முன்னரே கையாளப்பட வேண்டும். இவற்றை நீக்காமல் அழுத்தினால் புகையும் காரமும் குறைவதில்லை. அவை அடர்த்தியான ஒரு கட்டிக்குள் அடைபடுகின்றன, எரியும் போது வெளிவருகின்றன.

பெயர்கள்

எரிகட்டியைத் தொழில் வட்டாரங்களில் "பிரிக்கெட்" என்றே பெரும்பாலும் அழைப்பர். நிலக்கரி சேராமல் வேளாண் கழிவை மட்டும் அழுத்திச் செய்த கட்டிக்கு "வெள்ளைக் கரி" என்ற வணிகப் பெயரும் உண்டு. நிலக்கடலையின் மேலோடு இடத்திற்கேற்பக் கடலைத் தோல், கடலைத்தொலி, கடலைப்பொட்டு எனப் பல பெயர்களில் வழங்குகின்றது. தேங்காயின் வன்மையான உள்ளோடு கொட்டாங்கச்சி, சிரட்டை, தொட்டி என அழைக்கப்படுகின்றது. "லிக்னைட்டு" என்பது பழுப்பு நிலக்கரியைக் குறிக்கும்.

கட்டியாக்கி எரிக்கும் முறை தமிழ்நாட்டு வீடுகளுக்குப் புதியதன்று. சாணத்தை வைக்கோல் கூளத்துடன் பிசைந்து தட்டிய வறட்டி இவ்வகையைச் சேர்ந்ததே. கரிக்கடைகளில் அடியில் தங்கும் கரித்தூளை வாங்கிச் சாணம் அல்லது களிமண்ணுடன் பிசைந்து, உருண்டை பிடித்து வெயிலில் உலர்த்திக் கும்மட்டி அடுப்பில் இடும் வழக்கமும் இருந்தது. இவ்வுருண்டைகளில் சாணமும் களிமண்ணும் பிணைப்பானாகச் செயற்பட்டன.

தா.பழூர் வட்டாரமும் மூலப்பொருட்களும்

தா.பழூர் அரியலூர் மாவட்டத்தின் ஆறு ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்றின் தலைமையிடம் ஆகும். இவ்வூர் முன்னர் பெரம்பலூர் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. 2001ஆம் ஆண்டு அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டு, 2002ஆம் ஆண்டு மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டு நவம்பரில் அரியலூர் மாவட்டம் மறுபடியும் அமைக்கப்பட்டது.

ஒன்றியத்தின் தெற்கே கொள்ளிடம் ஓடுகின்றது. ஆற்றை ஒட்டிய பகுதிகளில் நெல்லும் கரும்பும் பயிராகின்றன. வடக்கே ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறை ஆகிய மேட்டு நிலப் பகுதிகளில் முந்திரியும் நிலக்கடலையும் விளைகின்றன. இம்முந்திரிப் பரப்பு கடலூர் மாவட்டத்தின் விருத்தாசலம், பண்ருட்டிப் பகுதிகள் வரை தொடர்கின்றது. பண்ருட்டி முந்திரிக்கொட்டை உடைக்கும் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அங்கு உள்ளூர்க் கொட்டைகளுடன் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து இறக்குமதியாகும் கொட்டைகளும் உடைக்கப்படுகின்றன.

இவ்வட்டாரத்தின் நிலத்தடியில் பழுப்பு நிலக்கரியும் உள்ளது. நெய்வேலியில் அது வெட்டி எடுக்கப்படுகின்றது. ஜெயங்கொண்டம் பகுதியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் அனல் மின் நிலையமும் அமைப்பதற்காக 1990களில் முந்திரித் தோப்புகள் உள்ளிட்ட நிலங்கள் கையகப்படுத்தப்பட்டன. இழப்பீடு தொடர்பான வழக்குகள் பல ஆண்டுகள் நீடித்தன. சுரங்கம் தொடங்கப்படவில்லை. பின்னர் தமிழ்நாடு அரசு இத்திட்டத்தைக் கைவிட்டு, நிலங்களை உரியவர்களுக்கே திருப்பி அளிக்க முடிவு செய்தது. ஆகவே இவ்வட்டாரத்தில் நிலக்கரி கலந்த எரிகட்டி செய்ய வேண்டுமாயின் நெய்வேலிக் கரியையோ வெளியிலிருந்து வரும் நிலக்கரித் தூளையோ சார்ந்திருக்க வேண்டியுள்ளது.

மூன்றாவது மூலப்பொருளான சுண்ணாம்பு அரியலூரிலேயே கிடைக்கின்றது. இம்மாவட்டத்தின் சுண்ணாம்புக்கல் படிவங்களே இங்குள்ள சிமெண்டு ஆலைகளுக்கு அடிப்படை ஆகும். கந்தகம் உள்ள நிலக்கரியை எரிகட்டியாக்கும் போது சுண்ணாம்பின் தேவை முதன்மையானது.

வரலாறு

உலகில்

பழுப்பு நிலக்கரியைத் தொழில் முறையில் கட்டியாக்கும் வழக்கம் செருமனியில் 19ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. கார்ல் எக்சுட்டர் என்பார் உருவாக்கிய அழுத்தியைக் கொண்டு 1858ஆம் ஆண்டில் ஆலே நகருக்கு அருகிலுள்ள அம்மண்டார்ஃபில் முதல் பழுப்பு நிலக்கரி எரிகட்டி ஆலை இயங்கத் தொடங்கியது. உலர்த்திய பழுப்பு நிலக்கரியைப் பிணைப்பான் எதுவுமின்றி உயர் அழுத்தத்தில் கட்டியாக்குவது இம்முறையின் சிறப்பு ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் எல்சுவொர்த் சுவோயர் என்பவர் மரக்கரி எரிகட்டிக்கு 1897ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார்.

நிலக்கரியுடன் வேளாண் கழிவையும் சுண்ணாம்பையும் சேர்த்து அழுத்தும் முறை 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் சப்பானில் வளர்த்தெடுக்கப்பட்டது. இது "உயிர் எரிகட்டி" எனப்பட்டது. நிலக்கரி 70 முதல் 90 விழுக்காடும், மரத்தூள், வைக்கோல் போன்ற நாருள்ள பொருள் 10 முதல் 30 விழுக்காடும் சேர்த்து, கந்தகத்தைப் பிடிப்பதற்கு நீற்றிய சுண்ணாம்பும் இட்டு, உருளை அழுத்தியில் கட்டியாக்குவர். சீனா, இந்தோனேசியா ஆகிய நாடுகளில் இதற்கான செயல்விளக்க ஆலைகள் அமைக்கப்பட்டன.

நெய்வேலியின் லெகோ

தமிழ்நாட்டில் நிலக்கரி எரிகட்டிக்கு முதன்மையான எடுத்துக்காட்டு நெய்வேலியின் "லெகோ" ஆகும். 1930களில் நெய்வேலிப் பகுதியில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டிய போது கரிய நிறப் பொருள் வெளிப்பட்டது. அது பழுப்பு நிலக்கரி என்பது பின்னர் உறுதியானது. 1956ஆம் ஆண்டில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957ஆம் ஆண்டு மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961ஆம் ஆண்டில் நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது. 2016ஆம் ஆண்டில் இந்நிறுவனத்தின் பெயர் என்.எல்.சி. இந்தியா லிமிடெட் என மாற்றப்பட்டது.

தொடக்கத் திட்டத்தில் மின் நிலையம், உர ஆலை ஆகியவற்றுடன் எரிகட்டி மற்றும் கரியாக்க ஆலையும் இடம்பெற்றிருந்தது. இவ்வாலையில் பழுப்பு நிலக்கரி நொறுக்கி உலர்த்தப்பட்டு, எரிகட்டியாக அழுத்தப்பட்டு, பின்னர் காற்றில்லாமல் சூடாக்கப்பட்டுக் கரியாக்கப்பட்டது. "லிக்னைட்டு கோக்" என்பதன் சுருக்கமே "லெகோ" என்னும் பெயர். தாரும் பீனால் வகைப் பொருட்களும் துணை விளைபொருட்களாகப் பெறப்பட்டன. லெகோ தொழிற்சாலைகளுக்கு மட்டுமன்றி வீட்டு அடுப்புகளுக்கும் விற்கப்பட்டது. சமையல் எரிவாயு பரவலாகக் கிடைக்காத காலத்தில் தமிழ்நாட்டு நகரங்களில் லெகோ அறிமுகமான எரிபொருளாக இருந்தது. எரிவாயுவின் பரவலுக்குப் பின்னர் இதன் தேவை குறைந்தது, ஆலையும் மூடப்பட்டது.

லெகோ வீட்டுக்குள் எரிக்கத்தக்கதாக இருந்தமைக்குக் காரணம் அது கரியாக்கப்பட்டிருந்ததே. ஆவியாகிப் புகையைத் தரும் தாரும் பீனால்களும் ஆலையிலேயே பிரித்தெடுக்கப்பட்டுவிட்டன. கரியாக்காத பழுப்பு நிலக்கரி எரிகட்டியில் அவை அப்படியே இருக்கும்.

இந்தியாவில் உயிர்த்திரள் எரிகட்டி

இந்தியாவில் வேளாண் கழிவு எரிகட்டி ஆலைகள் 1980களிலும் 1990களிலும் பரவலாயின. சென்னை தரமணியிலுள்ள முருகப்பச் செட்டியார் ஆய்வு மையம் வேளாண் கழிவிலிருந்து கரி எரிகட்டி செய்யும் சிற்றளவு முறையை உருவாக்கிப் பரப்பியது. புனேயைச் சேர்ந்த ஆர்த்தி என்னும் நிறுவனம் கரும்புச் சோகையைக் கரியாக்கிக் கட்டியாக்கும் முறைக்காக 2002ஆம் ஆண்டில் ஆசுடன் விருதைப் பெற்றது. 2021ஆம் ஆண்டு அக்டோபரில் இந்திய மின்துறை அமைச்சகம் அனல் மின் நிலையங்களில் நிலக்கரியுடன் வேளாண் கழிவுக் குறுங்கட்டிகளைச் சேர்த்து எரிக்க வேண்டும் என்னும் திருத்திய கொள்கையை வெளியிட்டது. இங்கு கரியும் கழிவும் ஒரே கட்டிக்குள் சேர்வதில்லை, உலையில்தான் சேர்கின்றன. எனினும் நோக்கம் ஒத்தது.

மூலப்பொருட்களின் தன்மை

கடலைத் தோல்: உலர்ந்த கடலைத் தோல் கிலோவிற்கு ஏறத்தாழ 4,000 கிலோ கலோரி வெப்பம் தரும். சாம்பல் குறைவு. உமியைப் போல் சிலிக்கா மிகுந்திராமையால் அழுத்தியின் உறுப்புகளை விரைவில் தேய்ப்பதில்லை. இதன் குறை அடர்த்தியின்மை ஆகும். உதிரியாகக் குவித்தால் ஒரு கன மீட்டரில் 100 கிலோ அளவே அடங்கும். ஆகவே சரக்குந்து எடையால் நிரம்புவதற்கு முன்னரே கொள்ளளவால் நிரம்பிவிடுகின்றது. அழுத்திய கட்டியின் அடர்த்தி கன மீட்டருக்கு 1,000 கிலோவிற்கும் மேல் இருக்கும்.

முந்திரி ஓடு: முந்திரிக்கொட்டையின் எடையில் பாதிக்கும் மிகுதி ஓடே ஆகும். ஓட்டின் தேன்கூடு போன்ற நடு அடுக்கில் காரமான எண்ணெய் உள்ளது. ஓட்டின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இவ்வெண்ணெய் இருக்கலாம். இதில் அனகார்டிக் அமிலம், கார்டால், கார்டனால் ஆகிய பீனால் வகைச் சேர்மங்கள் அடங்கியுள்ளன. தோலில் பட்டால் கொப்புளமும் புண்ணும் உண்டாகும். கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்கள் கறுத்து உரிவதற்கு இவ்வெண்ணெயே காரணம். வண்டித் தடுப்பு உராய்வுப் பட்டைகள், வண்ணப்பூச்சுகள், பிசின்கள் ஆகியவற்றில் பயன்படுவதால் எண்ணெய்க்குத் தனி விலை உண்டு. எண்ணெய் பிழிந்த பின் மிஞ்சும் சக்கையே எரிகட்டிக்கு ஏற்றது.

கொட்டாங்கச்சி: அடர்த்தியும் வெப்ப மதிப்பும் மிக்கது. உதிரியாகவே நன்கு எரிவதாலும், அதன் கரி கிளர்வுற்ற கார்பன் செய்யப் பயன்படுவதாலும், விலை மிகுதி. ஆகவே இதனை அப்படியே எரிகட்டிக்கு இடுவதில்லை. கரியாக்கும் போது உதிரும் தூளையே எரிகட்டிக்குப் பயன்படுத்துவர்.

பழுப்பு நிலக்கரி: நெய்வேலிக் கரியின் எடையில் ஏறத்தாழ பாதி நீர் ஆகும். வெட்டியெடுத்த நிலையில் கிலோவிற்கு 2,600 கிலோ கலோரி அளவே தரும். உலர்த்தினால் வெப்ப மதிப்பு ஏறத்தாழ இருமடங்காகும். உலர்ந்த கரி தானாகவே நொறுங்கித் தூளாகும். குவித்து வைத்தால் காற்றுடன் வினைபுரிந்து சூடேறித் தானாகத் தீப்பற்றவும் கூடும். தூளாகும் இயல்பே அதனைக் கட்டியாக்க வேண்டிய தேவையை உண்டாக்குகின்றது.

கலப்பதன் பயன்

கடலைத் தோல் எளிதில் பற்றும். விரைவில் எரிந்து அடங்கும். நிலக்கரி தாமதமாகப் பற்றும். நெடுநேரம் கனன்று எரியும். இரண்டையும் ஒரே கட்டியில் சேர்த்தால் ஓட்டிலுள்ள ஆவியாகும் பகுதி முதலில் எரிந்து, அருகிலுள்ள நிலக்கரித் துகள்களைச் சூடேற்றுகின்றது. இதனால் கட்டி குறைந்த வெப்பநிலையிலேயே பற்றுகின்றது. எரிந்து போன நாரின் இடத்தில் உண்டாகும் நுண்துளைகள் வழியாகக் காற்று உட்செல்வதால் நிலக்கரி முழுமையாக எரிகின்றது. சாம்பலில் எரியாத கரி குறைகின்றது.

நாரின் மற்றொரு பணி பிணைத்தல் ஆகும். அழுத்தத்தில் வெப்பமுறும் போது தாவரப் பொருளிலுள்ள லிக்னின் இளகி, குளிர்ந்த பின் இறுகுகின்றது. நார்கள் நிலக்கரித் துகள்களைச் சுற்றிப் பின்னிக் கொள்கின்றன. எனவே போதிய அழுத்தம் இருப்பின் தனிப் பிணைப்பான் தேவைப்படாது.

மூன்றாவது பயன் கந்தகத்தைப் பிடித்தல். நிலக்கரியிலுள்ள கந்தகம் எரிந்து கந்தக ஈராக்சைடு ஆகின்றது. கட்டிக்குள் சுண்ணாம்பு நெருக்கமாகக் கலந்திருந்தால், அவ்வளிமம் வெளியேறும் முன் சுண்ணாம்புடன் வினைபுரிந்து கால்சியம் சல்ஃபேட்டாகச் சாம்பலில் தங்குகின்றது. இவ்வினை 800 முதல் 900 பாகை செல்சியசு அளவில் நன்கு நடைபெறும். வெப்பநிலை மிகவும் உயர்ந்தால் சல்ஃபேட்டு சிதைந்து வளிமம் மீண்டும் வெளியேறும். ஆகவே மிகு வெப்ப உலைகளில் சுண்ணாம்பின் பயன் குறைவு.

செய்முறை

தேர்தல்: மண், கல், இரும்புத் துண்டு ஆகியவை சலித்தும் காந்தம் கொண்டும் நீக்கப்படும். களத்தில் வாரிய கடலைத் தோலில் மணல் மிகுதியாக இருக்கும். அது சாம்பலைக் கூட்டுவதுடன் அழுத்தியையும் தேய்க்கும்.

உலர்த்தல்: அழுத்தும் போது ஈரம் 8 முதல் 12 விழுக்காடு வரை இருத்தல் வேண்டும். ஈரம் மிகுந்தால் கட்டிக்குள் அடைபடும் நீராவி அதனைப் பிளந்துவிடும். ஈரம் மிகக் குறைந்தாலும் துகள்கள் ஒட்டுவதில்லை. பங்குனி முதல் ஆவணி வரை களத்தில் பரப்பி உலர்த்த இயலும். வடகிழக்குப் பருவமழைக் காலமாகிய அக்டோபர் முதல் டிசம்பர் வரை உலர்த்தி எந்திரமோ கூரையிட்ட இருப்போ இன்றி வேலை நடவாது.

எண்ணெய் நீக்கல்: முந்திரி ஓடு செக்கு போன்ற திருகு பிழிவியில் இட்டுப் பிழியப்படும். சூடாக்கும் போது அனகார்டிக் அமிலம் கரியமில வாயுவை இழந்து கார்டனாலாக மாறும். எண்ணெய் நீக்காத ஓடு அழுத்தியில் வழுக்கும், கட்டி இறுகாது. எரிக்கும் போது கண்ணையும் தொண்டையையும் உறுத்தும் கரும்புகை எழும். கொதிகலன் குழாய்களில் தார் படியும்.

அரைத்தல்: ஓடும் நிலக்கரியும் சில மில்லிமீட்டர் அளவிற்கு அரைக்கப்படும். நிலக்கரி நுண்மையாகவும் நார் சற்று நீளமாகவும் இருப்பது நன்று.

கலத்தல்: நிலக்கரி, ஓடு, நீற்றிய சுண்ணாம்பு ஆகியவை உலர்நிலையில் சீராகக் கலக்கப்படும். சுண்ணாம்பு ஓரிடத்தில் திரண்டு நின்றால் கந்தகத்தைப் பிடிக்க இயலாது.

அழுத்தல்: மூன்று வகை எந்திரங்கள் பயன்படுகின்றன.

- உந்துதண்டு அழுத்தி: உந்துதண்டு ஒன்று தொடர்ந்து இடித்துப் பொருளைக் குறுகலான அச்சின் வழியே தள்ளும். வெளிவரும் உருளையின் விட்டம் பெரும்பாலும் 60 முதல் 90 மில்லிமீட்டர். இந்தியாவில் கடலைத் தோல், மரத்தூள் எரிகட்டிகளுக்கு இதுவே மிகுதியாகப் பயன்படுகின்றது.
- திருகு அழுத்தி: சூடாக்கிய அச்சின் வழியே திருகு பொருளைத் தள்ளும். கட்டியின் நடுவில் துளை இருக்கும், நன்கு எரியும். திருகு விரைவில் தேயும்.
- உருளை அழுத்தி: குழிகள் உள்ள இரு உருளைகளுக்கு இடையே பொருள் நசுங்கித் தலையணை வடிவில் விழும். நிலக்கரி மிகுந்த கலவைக்கு இது ஏற்றது.

ஆறவிடல்: சூடாக வெளிவரும் கட்டிகளை உடனே குவித்தலாகாது. ஆறிய பின்னரே லிக்னின் முழுமையாக இறுகும்.

கலவைக் கணக்கு

எடுத்துக்காட்டாக, 12 விழுக்காடு ஈரத்திற்கு உலர்த்திய பழுப்பு நிலக்கரி 70 கிலோ, கடலைத் தோல் 25 கிலோ, நீற்றிய சுண்ணாம்பு 5 கிலோ எனக் கொள்ளலாம். உலர்த்திய கரிக்குக் கிலோவிற்கு 4,700 கிலோ கலோரி என்றும், தோலுக்கு 4,000 என்றும் கொண்டால், 100 கிலோ கலவையில் மொத்தம் 4,29,000 கிலோ கலோரி இருக்கும். அதாவது கிலோவிற்கு ஏறத்தாழ 4,300 கிலோ கலோரி. இது வெட்டியெடுத்த பழுப்பு நிலக்கரியை விட மிகுதி. சுண்ணாம்பு எரியாத பொருளாதலால் சுண்ணாம்பிடாத கலவையை விடச் சற்றுக் குறைவு.

சுண்ணாம்பின் அளவு கந்தகத்தைப் பொறுத்தது. நிலக்கரியில் கந்தகம் 1 விழுக்காடு எனில், 70 கிலோவில் 700 கிராம் கந்தகம் இருக்கும். 32 கிராம் கந்தகத்திற்கு 74 கிராம் நீற்றிய சுண்ணாம்பு என்ற வேதியியல் விகிதப்படி ஏறத்தாழ 1.6 கிலோ போதும். நடைமுறையில் சுண்ணாம்பு முழுவதும் வினைபுரிவதில்லை. எனவே இரண்டு, மூன்று மடங்கு இடுவர். மேற்கண்ட 5 கிலோ இவ்வாறு பெறப்பட்டதாகும்.

உலர்த்தலுக்கான வெப்பமும் கணக்கில் கொள்ளத்தக்கது. பாதி நீருள்ள ஒரு டன் பழுப்பு நிலக்கரியை 12 விழுக்காடு ஈரத்திற்குக் கொணர ஏறத்தாழ 430 கிலோ நீரை நீக்க வேண்டும். இதற்குக் குறைந்தது 2.6 லட்சம் கிலோ கலோரி தேவை. அது அந்த ஒரு டன் கரி தரும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு ஆகும். வெயில் இப்பங்கை இலவசமாக ஈடுசெய்வதால், சிறு ஆலைகளுக்குக் களத்து உலர்த்தல் பெரும் சேமிப்பு.

கரியாக்கிய எரிகட்டி

வீட்டு அடுப்பு, சலவைப் பெட்டி, தேநீர்க் கடை போன்றவற்றிற்குப் புகையற்ற எரிபொருள் தேவை. இதற்கு ஓட்டை முதலில் கரியாக்கிப் பின்னர் கட்டியாக்க வேண்டும். மூடிய பீப்பாயில் காற்றைக் கட்டுப்படுத்திச் சூடாக்கினால், உலர்ந்த ஓட்டின் எடையில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கரி கிடைக்கும். இக்கரித் தூளில் லிக்னின் சிதைந்து போயிருப்பதால் பிணைப்பான் இன்றியமையாதது.

பிணைப்பானாக மரவள்ளி மாவுக் கஞ்சி பெரிதும் பயன்படுகின்றது. சேலம், நாமக்கல் மாவட்டச் சவ்வரிசி ஆலைகளில் மிஞ்சும் திப்பியிலும் மாவுப்பொருள் எஞ்சியிருப்பதால் அதனையும் பயன்படுத்தலாம். சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு நன்கு ஒட்டும். ஆனால் தொடக்கத்தில் புகையும். களிமண் மலிவானது, எனினும் அது எரியாமல் முழுவதும் சாம்பலாகவே மிஞ்சும். மாவு சேர்த்த கட்டிகளை நன்கு உலர்த்தாவிடில் பூஞ்சணம் பிடிக்கும்.

தரச் சோதனை

சோதனைக்கூடம் இன்றியே சில தன்மைகளை அறியலாம். ஓர் ஆள் உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் விடும் போது கட்டி ஓரிரு துண்டுகளாக உடைந்தால் ஏற்கத்தக்கது. தூளாக உதிர்ந்தால் அழுத்தமோ ஈரமோ சரியில்லை என்பது பொருள். எடையறிந்த கட்டியை முழுவதும் எரித்துச் சாம்பலை நிறுத்தால் சாம்பல் விழுக்காடு தெரியும். சுண்ணாம்பிட்ட கலவையில் இது இயல்பாகவே கூடுதலாக இருக்கும். பிணைப்பான் இல்லாத கட்டி நீரில் கரைந்து உதிரும் என்பதால் மழையிலும் தரை ஈரத்திலும் இருந்து காக்கப்பட வேண்டும். வாங்குவோர் எடையால் மட்டும் விலை பேசினால் ஈரத்திற்கும் மணலுக்கும் சேர்த்தே பணம் தருகின்றனர். ஈரம், சாம்பல், வெப்ப மதிப்பு ஆகிய மூன்றையும் கேட்டறிவது தொழில்துறையில் வழக்கம்.

பயன்பாடு

செங்கல் சூளைகள், சாயப்பட்டறை மற்றும் அரிசி ஆலைக் கொதிகலன்கள், உணவு விடுதிகள் ஆகியவை எரிகட்டியின் முதன்மையான நுகர்வோர். வெல்லம் காய்ச்சும் ஆலைகளில் கரும்புச் சக்கையே எரிபொருளாவதால் அங்கு தேவை குறைவு. கொள்ளிடத்திற்குத் தெற்கே கும்பகோணத்தின் பாத்திரப் பட்டறைகளும் சுவாமிமலையின் வார்ப்படப் பட்டறைகளும் உள்ளன. உலோகம் உருக்குவதற்கு உயர்ந்த, நிலையான வெப்பம் வேண்டும் என்பதால் அத்தகைய பணிகளுக்குக் கரியாக்கிய எரிகட்டியே பொருந்தும். கரியாக்காத கலப்பு எரிகட்டி பொருந்தாது.

வீட்டுப் பயன்பாடு பெரிதும் சுருங்கியுள்ளது. தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்ட இலவச எரிவாயு அடுப்புகளும், 2016ஆம் ஆண்டில் தொடங்கிய நடுவண் அரசின் உச்சுவலா திட்டமும் எரிவாயு இணைப்பைச் சிற்றூர்களுக்குக் கொண்டு சென்றன. எனினும் உருளையின் விலை உயரும் போது வெந்நீருக்கும் நெல் அவிப்பதற்கும் விறகு, முந்திரி ஓடு, கடலைத் தோல் ஆகியவற்றை எரிப்பது தொடர்கின்றது.

உடல்நலமும் பாதுகாப்பும்

- கரியாக்காத நிலக்கரி எரிகட்டியைப் புகைபோக்கி இல்லாத வீட்டு அடுப்பில் எரித்தல் கூடாது. கந்தக ஈராக்சைடும் நுண்துகள்களும் மூச்சுக் குழலைத் தாக்கும்.
- கரியாக்கிய எரிகட்டி புகையாவிடினும் கார்பன் ஓராக்சைடை வெளிவிடும். இவ்வளிமத்திற்கு நிறமும் மணமும் இல்லை. மூடிய அறையில் கரி அடுப்பை வைத்து உறங்குவது உயிரிழப்பில் முடியும். மழைக்காலத்தில் கதவையும் சாளரத்தையும் அடைத்துக் குளிர்காயும் போது இவ்விடர் மிகுதி.
- முந்திரி ஓட்டைக் கையாள்வோர் கையுறை அணிதல் வேண்டும். கைகளில் எண்ணெயும் சாம்பலும் பூசிக்கொள்ளும் வழக்கம் ஓரளவே பயன் தரும்.
- எண்ணெய் பிழியாத ஓட்டைச் சமையல் அடுப்பில் இட்டால் காரமான புகை அடுப்படியிலேயே தங்கும்.
- அரைக்கும் இடத்தில் மிதக்கும் தூசி தீப்பொறி பட்டால் வெடிக்கக்கூடும். காற்றோட்டமும் தூசி உறிஞ்சியும் தேவை.
- உலர்த்திய பழுப்பு நிலக்கரியை உயரமாகக் குவிக்காமல், அவ்வப்போது கிளறிச் சூட்டைத் தணிக்க வேண்டும்.

சூழல் தாக்கம்

ஓடும் தோலும் எரியும் போது வெளிவரும் கரியமில வாயு, அச்செடிகள் வளரும் போது காற்றிலிருந்து பெற்றதே ஆகும். பழுப்பு நிலக்கரிக்கு இது பொருந்தாது. காலநிலை மாற்றத்திற்கான பன்னாட்டு அரசுக் குழு 2006ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியின்படி, பழுப்பு நிலக்கரி ஒரு கிகாசூல் வெப்பத்திற்கு 101 கிலோ கரியமில வாயுவை வெளிவிடுகின்றது. சமையல் எரிவாயு 63 கிலோவை வெளிவிடுகின்றது. எனவே நிலக்கரி கலந்த எரிகட்டியைப் "பசுமை எரிபொருள்" என விற்பது சரியன்று. மேற்கண்ட எடுத்துக்காட்டுக் கலவையில் வெப்பத்தின் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிலக்கரியிலிருந்தே வருகின்றது. முன்னர் முழுவதும் நிலக்கரியை எரித்த உலையில் இதனை இட்டால் கரியமில வாயு குறையும். முன்னர் கடலைத் தோலை மட்டும் எரித்த உலையில் இட்டால் கூடும்.

சுண்ணாம்பு கந்தகத்தைப் பிடிக்கின்றதேயன்றிப் பாதரசம் போன்ற பிற மாசுகளை முழுமையாக நீக்குவதில்லை. நிலக்கரி கலந்த சாம்பலை விறகுச் சாம்பலைப் போல் வயலில் இடுவதும் பாத்திரம் துலக்குவதும் தவிர்க்கத்தக்கவை. சூளை வைப்போர் அதனைச் செங்கல் மண்ணுடன் கலந்து பயன்படுத்தலாம்.

பொருளியல்

எரிகட்டித் தொழிலின் இடர்ப்பாடு பெரும்பாலும் மூலப்பொருள் விலையில் உள்ளது. கழிவாகக் கிடந்த வரை கடலைத் தோலுக்கு விலை இல்லை. ஆலை தொடங்கியதும் அதற்கு விலை உண்டாகின்றது. கால்நடைத் தீவனக் கலப்புக்கும், கோழிப் பண்ணைகளில் தரையில் பரப்புவதற்கும், உழவர் நிலத்திற்கு மட்கு எருவாகவும் அதே தோல் தேவைப்படுகின்றது. கடலை அறுவடை பருவத்திற்கு உட்பட்டது. ஆலையோ ஆண்டு முழுவதும் இயங்கினால்தான் முதலீட்டை மீட்க இயலும். இவ்விடைவெளியை நிரப்பவே பல ஆலைகள் ஒன்றுக்கு மேற்பட்ட கழிவுகளைப் பயன்படுத்துகின்றன. ஆண்டு முழுவதும் கிடைக்கும் நிலக்கரித் தூளைச் சேர்ப்பதற்கும் இதுவே ஒரு காரணம் ஆகும்.

முந்திரி ஓட்டைப் பொறுத்தவரை, எண்ணெயைப் பிழிந்து விற்பதும் சக்கையை எரிகட்டியாக்குவதும் ஒன்றையொன்று தாங்கும் தொழில்கள். எண்ணெய்க்குக் கிடைக்கும் விலை பிழிவியின் செலவை ஈடுசெய்கின்றது. எண்ணெய் நீங்கிய சக்கை புகையும் காரமும் குறைந்த எரிபொருளாகின்றது. ஓட்டை அப்படியே சூளைக்கு விற்றால் எண்ணெயின் மதிப்பு புகையாகப் போகின்றது; அப்புகையைச் சூளைத் தொழிலாளரும் அருகில் வாழ்வோரும் சுவாசிக்க நேர்கின்றது.